கழுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘தண்டுவடக் கால்வாய் குறுக்கம்’: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கோத்தகிரி மகள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதும், பறித்ததை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து எடைபோடும் இடத்துக்குக் கொண்டுவருவதும் அவருடைய வேலை. ஓராண்டுக்கும் மேலாகக் கழுத்து வலி இருக்கிறது. வலது கை மரத்துப்போகிறது. கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அறிக்கை கைக்கு வந்துவிட்டது, ஆனால் மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

அறிக்கையில் உள்ளதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்: “சர்வைக்கல் லார்டோசிஸ் நேராகியுள்ளது. சி4-5, சி5-6 மட்டங்களில் டிஸ்க் ஆஸ்டியோஃபைட் காம்ப்ளெக்ஸ், லிகமென்டம் ஃப்ளேவம் தடிப்பு. தீகல் சாக்கையும் கார்டின் முன்பரப்பையும் அழுத்துகிறது. சி5-6 மட்டத்தில் கால்வாயின் முன்பின் அளவு 7.9 மி.மீ. இருபுறமும் நியூரல் ஃபோரமன் குறுக்கம். கார்டில் சிக்னல் மாற்றம் இல்லை.”

ஒரு உறவினர் இதைப் படித்துவிட்டு, உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கை கால் விழுந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ, இந்த வயதில் யாரை ஸ்கேன் எடுத்தாலும் இப்படித்தான் வரும் என்கிறார். இரண்டில் எது சரி?

சிம்ஸ்பார்க் வாசி

சகோதரி, முதலில் பதற்றத்தை விடுங்கள். எனக்கும் சி5-6 மட்டத்தில் ஏறக்குறைய இதே சொற்களோடு அறிக்கை வந்தது. கழுத்துப் பயிற்சியிலும் தலையணையை மாற்றியதிலும் சமாளித்து வருகிறேன். அறிக்கையின் கடைசி வரியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று போட்டிருப்பார்கள். நோயாளியை நேரில் பார்க்காமல் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று படம் பார்த்தவரே சொல்லிவிடுகிறார்.

ஸ்கேன் அறைக்காரன்

எம்.ஆர்.ஐ. எடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அறிக்கை எழுதுவது என் வேலையன்று. ஆனால் அதிலுள்ள சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதைச் சொல்ல முடியும். சி5-6 என்பது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடைப்பட்ட மட்டம்; டிஸ்க், எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை; ஆஸ்டியோஃபைட், எலும்பு முனைப்பு; லிகமென்டம் ஃப்ளேவம், கால்வாயின் பின்புறத் தசைநார்; கார்டு, தண்டுவடம்; தீகல் சாக், அதைச் சூழ்ந்த உறை; நியூரல் ஃபோரமன், நரம்பு வெளிவரும் பக்கத் துளை. சிம்ஸ்பார்க் நண்பர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது அந்த மில்லிமீட்டர் எண்ணைத்தான். கழுத்தின் நடு, கீழ்ப் பகுதி எலும்புகளில் தண்டுவடக் கால்வாயின் முன்பின் அளவு பொதுவாக 17, 18 மி.மீ. இருக்கும், 13-க்குக் கீழே போனால் குறுக்கம், 10-க்குக் கீழே போனால் கடுமையான குறுக்கம் என்று புத்தகங்களில் இருக்கும். அதைப் படித்துவிட்டு 7.9 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பழைய வரம்புகள் எக்ஸ்ரே படத்தில் எலும்பிலிருந்து எலும்புக்கு அளந்து வகுக்கப்பட்டவை. எம்.ஆர்.ஐ. அறிக்கையிலோ பெரும்பாலும் டிஸ்க் இருக்கும் மட்டத்தில், முன்னால் பிதுங்கிய டிஸ்க்குக்கும் பின்னால் தடித்த தசைநாருக்கும் இடையே எஞ்சியிருக்கும் இடத்தைத்தான் அளக்கிறார்கள். இப்படிப்பட்ட தேய்மானத்தில் கால்வாய் பெரும்பாலும் மிகவும் ஒடுங்கியிருப்பது அந்த இடத்தில்தான். ஆகவே இந்த 7.9-ஐ அந்த 17-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாத ஒப்பீடு. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால்கூட அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வேறுபடுவது எங்கள் அறையில் அன்றாடம் நடப்பதுதான்.

எண்ணைவிட முக்கியமானது படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவம். உங்களுக்குக் கொடுத்த ஃபிலிமில் ‘டி2 சஜிட்டல்’ என்று குறித்த வரிசையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த கழுத்து தெரியும். நடுவில் சாம்பல் நிறப் பட்டையாக இறங்குவது தண்டுவடம்; அதற்கு முன்னும் பின்னும் வெள்ளைக் கோடுகளாக ஓடுவது மூளைத் தண்டுவடத் திரவம். குறுக்கம் தொடங்கும்போது முதலில் இந்த வெள்ளைக் கோடு மெலிகிறது, பிறகு அந்த இடத்தில் மறைந்தே போகிறது. அடுத்த கட்டத்தில் தண்டுவடமே நசுங்கி வடிவம் மாறுகிறது. அதற்கும் அடுத்ததாக, நசுங்கிய இடத்தில் தண்டுவடத்துக்கு உள்ளேயே வெண்மையான ஒரு திட்டு தோன்றுகிறது. அறிக்கையில் ‘சிக்னல் மாற்றம்’ என்று எழுதுவது இதைத்தான். கொரியக் கதிரியக்க மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட தர வரிசை இந்தக் கட்டங்களையே 0 முதல் 3 வரை எண்ணிட்டுச் சொல்கிறது. உங்கள் அறிக்கையின் சொற்களை வைத்துப் பார்த்தால், கார்டின் முன்பரப்பு அழுத்தப்பட்டிருக்கிறது, உள்ளே திட்டு இல்லை. ஆகவே நடுக்கட்டம் எனலாம்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆனால் தண்டுவடம் அழுந்தியிருந்தவர்கள் 5.3 விழுக்காடு மட்டுமே. டிஸ்க் பிதுங்குவது தலை நரைப்பதைப் போல வயதோடு வருவது என்று சொல்லலாம்; தண்டுவடம் அழுந்துவதை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது. நான் சொன்ன மீதிப் பாதி இதுதான்.

‘லார்டோசிஸ் நேராகியுள்ளது’, அதாவது கழுத்தின் இயல்பான வளைவு நேராகியிருக்கிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வலியில் தசை இறுகினாலும் அப்படி வரும். ஸ்கேன் மேசையில் தலையை வைத்த விதத்தாலும் வரும்.

தொட்டபெட்டா

அன்பர்கள் எல்லாரும் இப்படி ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது ஆபத்தானது. எனக்குத் தெரிந்த ஒருவர் கை மரத்துப்போவதை வாதம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டார்; இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். தண்டுவடத்தை அழுத்துகிறது என்று அறிக்கையே சொல்லும்போது இன்னும் என்ன யோசனை? உடனே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

குன்னூர் இயன்முறையாளர்

தொட்டபெட்டா ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனாலும் படத்துக்கு யாரும் அறுவை சிகிச்சை செய்வதில்லை, ஆளுக்குத்தான் செய்கிறார்கள். இந்த இழையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அம்மாவின் கை விரல்களும் கால்களும் எப்படி வேலை செய்கின்றன?

கழுத்தில் ஏற்படும் குறுக்கம் இரண்டு விதமாகத் தொல்லை தரும். எலும்புகளுக்கு இடையே உள்ள பக்கத் துளை வழியாக வெளிவரும் நரம்பு வேர் அழுந்தினால், கழுத்திலிருந்து தோள், முழங்கை, குறிப்பிட்ட விரல்கள் என்று ஒரே பாதையில் சுரீரென்று வலி இறங்கும். அந்தப் பாதையில் மரமரப்பும் இருக்கும். சி5-6 மட்டத்தில் அழுந்துவது ஆறாவது நரம்பு வேர் என்பதால் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தெரியும். தாங்க முடியாத வலியாக இருந்தாலும், இதில் பெரும்பாலோர் மருந்திலும் பயிற்சியிலும் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள்.

தண்டுவடமே அழுந்துவது வேறு கதை. மருத்துவர்கள் ‘மைலோபதி’ என்பது இதைத்தான். இதில் வலி பெரிதாக இருக்காது. சிலருக்கு வலியே இருக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கை முரடாகிப்போகும். பொத்தான் போட நேரமாகும், சில்லறை எண்ணத் தடுமாறும், கையெழுத்து மாறும். நடையில் உறுதி குறையும். இருட்டில் இன்னும் குறையும். சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கும். தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் பாய்வதுபோல ஒரு அதிர்வு இறங்கும்.

வீட்டிலேயே இரண்டைப் பார்க்கலாம். கையை நீட்டி, விரல்களை முழுதாக விரித்து முழுதாக மூடச் சொல்லுங்கள், முடிந்தவரை வேகமாக. பத்து வினாடியில் 20 முறையோ அதற்கு மேலோ வர வேண்டும். அடுத்ததாக, ஒரு குதிகாலை மறு பாதத்தின் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் சில அடிகள் நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ளத் தயாராக நில்லுங்கள்.

இவை நோயை உறுதி செய்யும் சோதனைகள் அல்ல. சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு, மணிக்கட்டில் நரம்பு அழுந்துதல் ஆகியவையும் கையை மரத்துப்போக வைக்கும். ஆனால் மருத்துவரை அடுத்த வாரம் பார்ப்பதா, நாளையே பார்ப்பதா என்று முடிவெடுக்க இவை உதவும்.

கோத்தகிரி மகள்

மிக்க நன்றி. நேற்று இரவு அம்மாவை உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான் பல விஷயங்கள் வெளியே வந்தன. கடந்த குளிர்காலம் முதலே ஸ்வெட்டர் பொத்தான்களைத் திறக்காமல், போட்டபடியே விட்டுத் தலை வழியாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். குளிரில் விரல் விறைக்கிறது என்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். கொழுந்து பறிக்கும்போது விரலுக்குள் இலை அகப்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாராம். முன்பெல்லாம் பக்கத்து நிரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் பறிப்பவர் அவர். சரிவில் இறங்கும்போது செடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்.

விரலை விரித்து மூடும் சோதனையில் இரண்டு கையும் பதினைந்தைக்கூடத் தொடவில்லை. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகியே நின்றது. நேர்க்கோட்டில் நடக்கும்போது மூன்றாவது அடியில் என் தோளைப் பிடித்துவிட்டார். சிறுநீர்த் தொந்தரவு இல்லை. ஆனால் சிக்னல் மாற்றம் இல்லை என்று அறிக்கை சொல்கிறதே. அப்படியென்றால் தண்டுவடத்துக்குப் பாதிப்பு இல்லை என்றுதானே பொருள்?

குன்னூர் இயன்முறையாளர்

இல்லை சகோதரி. அந்த ஒரு வரி பலரை ஏமாற்றியிருக்கிறது. படத்தில் வெண்திட்டு தோன்றாத நிலையிலேயே தண்டுவடத்தின் வேலை குறைந்திருக்கலாம். திட்டு இருந்தும் ஓரளவு நன்றாக நடமாடுபவர்களும் இருக்கிறார்கள். படமும் உடலும் வேறுவேறு சொன்னால் உடல் சொல்வதைக் கேட்க வேண்டும். அம்மாவின் இரண்டு கைகளும் மந்தமாகியிருப்பதும், நடை தளர்ந்திருப்பதும், வெறும் நரம்பு வேர்ப் பிரச்சினையால் விளக்க முடியாதவை. குளிரில் விரல் விறைப்பது நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. வெயில் ஏறினால் அது போய்விட வேண்டும்.

அடுத்த வாரம் வரை காத்திருக்காமல், தண்டுவட அறுவை அல்லது நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரை இரண்டொரு நாளில் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் 108-ஐ அழைக்க வேண்டிய நிலை இதுவன்று. திடீரென்று கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, கீழே விழுந்த பின் கைகள் வேலை செய்யாமல் போனாலோ அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அதுவரை தலைச்சுமையை முற்றிலும் நிறுத்துங்கள். சரிவில் தனியாக இறங்க விட வேண்டாம். குறுகிய கால்வாய் உள்ளவர் தடுக்கி விழுந்து, முகம் தரையில் மோதித் தலை பின்னால் மடங்கினால், எலும்பு முறியாமலேயே தண்டுவடம் காயப்படலாம். மலைப்பாதைப் பேருந்தில் கடைசி இருக்கையைத் தவிர்த்து முன்பக்கம் உட்கார வையுங்கள். இருசக்கர வாகனத்தின் பின் இருக்கை வேண்டவே வேண்டாம். கழுத்தை இழுத்துக் கட்டும் ட்ராக்ஷன் சிகிச்சையை யாராவது சொன்னால், மருத்துவர் பார்க்கும் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். என் தொழிலிலேயே சிலர் யோசிக்காமல் அதைச் செய்துவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

மலைத்தேன்

அம்மாவைப் போன்றவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியர் தைலம் போட்டு நீவி, கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கிச் சரி செய்கிறார். கத்தி வைப்பதற்கு முன் அதையும் முயன்று பார்த்தால் என்ன? எல்லாவற்றுக்கும் மருத்துவமனையே கதி என்று ஆகிவிட்டது.

ஸ்கேன் அறைக்காரன்

ஐயா, தோளில் மெதுவாகத் தைலம் தடவினால் இதமாக இருக்கும்; அதில் எனக்கு மறுப்பில்லை. சொடுக்குவதுதான் கூடாது. எலும்பு முனைப்பு முன்னாலும் தடித்த தசைநார் பின்னாலும் நெருக்கும் இடத்தில் தண்டுவடம் நகர இடமின்றி நிற்கிறது. அங்கே கழுத்தை வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் தர வைத்தியராலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. முடி வெட்டும் கடையில் கடைசியாகத் தலையைப் பிடித்து ‘டக்’கென்று ஒரு திருப்புத் திருப்புவார்களே, அதையும் இந்த நோயாளிகள் நிறுத்திவிட வேண்டும். ஆண்கள் கவனிக்க.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகை

எனக்கு இதே நோய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் மருத்துவரிடம் முதலில் கேட்டது, கை பழையபடி ஆகிவிடுமா என்பதுதான். அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது பிடிக்கவில்லை: இனிமேல் மோசமாகாமல் நிறுத்துவதே முதல் நோக்கம், திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்பது, அழுத்தம் எவ்வளவு காலம் இருந்தது என்பதைப் பொறுத்தது என்றார். எனக்கு நடை நன்றாகத் தேறியது. விரல் நுனி மரமரப்பு இன்றும் கொஞ்சம் இருக்கிறது. சாக்பீஸ் பிடித்த கை, இப்போது பேனாவைச் சற்று அழுத்திப் பிடிக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பிறகு மனம் நோகாது.

ஒன்றிரண்டு மட்டங்களில் முன்னாலிருந்து அழுத்தம் வந்தால், கழுத்தின் முன்பக்கம் சிறிதாகக் கீறி, டிஸ்க்கையும் எலும்பு முனைப்பையும் எடுத்துவிட்டு அந்த இரண்டு எலும்புகளையும் இணைத்துவிடுகிறார்கள். பல மட்டங்களில் குறுக்கம் இருந்தால் பின்பக்கமாகச் சென்று, கால்வாயின் மேல்கூரையைத் திறந்து அகலப்படுத்துகிறார்கள். முன்வழியில் செய்தவர்களுக்குச் சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம். பின்வழியில் செய்துகொண்ட எனக்குக் கழுத்துத் தசை வலிதான் நீண்ட நாள் இருந்தது. எந்த வழி, ஏன் அந்த வழி என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு உதகை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் செய்வதானாலும், இந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் வருகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பணத்துக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேன் அறைக்காரன்

போகும்போது ஃபிலிமை மட்டும் எடுத்துப் போகாமல், படங்கள் பதிந்த சி.டி. வட்டையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்கும். குறுக்கு வெட்டுப் படங்கள் அனைத்தையும் அந்த வட்டில்தான் மருத்துவர் நகர்த்தி நகர்த்திப் பார்க்க முடியும்.

கோத்தகிரி மகள்

நேற்று கோயம்புத்தூரில் நிபுணரைப் பார்த்தோம். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவை நடக்கச் சொன்னார், சுத்தியலால் முழங்கால்களைத் தட்டினார், நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுப் பெருவிரல் அசைகிறதா என்று பார்த்தார், அசைந்தது. கை, கால், உணர்ச்சி, சிறுநீர் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டார்: 18-க்கு 13. பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் கண்காணிப்போடு பயிற்சியிலும் பார்க்கலாம், 14-உம் அதற்குக் கீழும் வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறோம், 2017-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது என்றார். மில்லிமீட்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பி12, சர்க்கரை இரண்டும் பார்த்தார்கள், சரியாக இருக்கின்றன. எலும்பின் பின்புறத் தசைநார் எலும்பாக மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள சி.டி. ஸ்கேனும், கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். தசைநார் எலும்பாகவில்லை. இரண்டு மட்டங்களில் முன்வழியாகச் செய்வது என்று முடிவாகியிருக்கிறது. காப்பீட்டு அனுமதிக்கு எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். மறுபடியும் கொழுந்து பறிக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டார். மூன்று மாதம் கழித்துப் பேசுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொன்று: அண்ணனுக்கும் அடிக்கடி கழுத்து வலிக்கிறது. அவனுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

குன்னூர் இயன்முறையாளர்

பறிப்பதைவிடச் சுமப்பதுதான் சிக்கல். எலும்புகள் நன்றாக இணைந்து, மருத்துவரும் அனுமதித்த பிறகு, நிரையில் நின்று பறிக்கத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மூட்டையைத் தலையில் ஏற்றுவதை இனி வேறு யாராவதுதான் செய்ய வேண்டும். அதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஆள் கிடைக்காத ஒரு நாளில் அம்மாவே தூக்கிவிடுவார்.

அண்ணனுக்கு வெறும் கழுத்து வலிதான், கை கால்களில் எந்தக் குறையும் இல்லை, காய்ச்சலோ எடை குறைவோ அடிபட்டதோ இல்லை என்றால் இப்போது ஸ்கேன் தேவையில்லை. எடுத்தால் ஏதாவது ஒரு பிதுக்கம் வரும். அதை வைத்து வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து நடக்கும். பத்து வினாடி விரல் சோதனையை அவருக்கும் செய்து பாருங்கள். இருபதைத் தாண்டினால் என்னிடம் அனுப்புங்கள், பயிற்சி சொல்லித் தருகிறேன். தாண்டாவிட்டால் அம்மாவைப் பார்த்த அதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.